ரப்பர் மீனும் மச்சான் வாயும்

அடுப்படியில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்ட மறு நொடியே என் முன்கையில் நாலு இடத்தில் சுரீர் என்றது.

மேடை மேல் நிறுத்தியிருந்த பிளாஸ்டர் அச்சின் வாயிலிருந்து சூடான ரப்பர் குழம்பு குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சுவரில், கொஞ்சம் என் கையில், கொஞ்சம் தாளிக்கும் கரண்டியில். எண்ணெயில் கருகிய பாயை முக்கி எடுத்ததுபோல ஒரு நாற்றம்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தனம் ஓடி வந்தாள். தனம் என் மனைவி.

"இன்னாங்க வெடிச்சிது? குக்கரா?"

"இல்ல. மீனு."

அவள் குழாயைத் திறந்து என் கையை அதன் கீழே இழுத்துப் பிடித்தாள். தண்ணீர் விழ விழத் திட்டும் விழுந்தது. "லேபு வேலைய லேபோட வச்சிக்கோங்கன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்? நாளிக்கி இந்தக் கரண்டில தாளிச்சா கொயம்புல மீன் வாசன வருமா, ரப்பர் வாசன வருமா?"

இரண்டும் வந்தது என்பதை மறுநாள் தெரிந்துகொண்டோம்.

கைப் பழக்கம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பல் செட் கட்டுகிறவன். டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்துச் செங்கல்பட்டில் இருக்கும் என் சின்ன லேபுக்கு அனுப்புவார்கள். நான் பல்லும் ஈறுமாகச் செய்து திருப்பி அனுப்புவேன். இந்த ஊரில் எத்தனையோ கல்யாணப் பந்திகளில் என் பற்கள் அப்பளம் நொறுக்கியிருக்கின்றன. அந்த வாய்க்காரர்களுக்கு என்னை யாரென்று தெரியாது.

பல் செட் கட்டுவது இப்படித்தான். முதலில் மெழுகில் வடிவம் செதுக்க வேண்டும். அதைச் சுற்றி பிளாஸ்டர் ஊற்றி இரண்டு பாதியாக அச்செடுக்க வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் மெழுகு உருகிப் போய்விடும். அச்சு வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஈரம் முழுசாகக் காயும் முன்னாலேயே, ஈறாக இறுகும் மருந்தை வைத்து அழுத்திவிட வேண்டும்.

ரப்பர் மீனுக்கும் அதையேதான் செய்தேன். தூண்டிலில் மாட்டுகிற இந்த ரப்பர் மீனுக்கென்று ஒரு திரவம் கூரியரில் கிடைக்கிறது. பார்ப்பதற்குப் பால்போல இருக்கும். சூடு பண்ணினால் முதலில் கூழாகும், அப்புறம் தெளிந்து எண்ணெய் மாதிரி ஓடும், ஆறினால் வழவழவென்று ரப்பராகிவிடும். அந்தச் சூடு தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட எவ்வளவோ அதிகம். அதை நேராக ஈர அச்சுக்குள் ஊற்றினேன்.

காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை நான். ஆனால் முப்பது வருஷப் பழக்கத்தில் கை முன்னால் போய்விடுகிறது. புத்தி பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வருகிறது.

லேபில் முகத்துக்குப் போடும் கண்ணாடி மறைப்பு ஒன்று ஆணியில் தொங்குகிறது. அன்றைக்கும் அது ஆணியில்தான் தொங்கியது.

மச்சான்

மீனே சாப்பிடத் தெரியாமல் முள்ளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். தனத்தின் தம்பி கன்னியப்பனுக்காக.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கன்னியப்பனுக்கு அப்போது மீசை அரும்பிய வயது. மோதிரம் என் விரலில் நடுக்கணுவோடு நின்றுவிட்டது. முறுக்கினான், திருகினான், எச்சில் தொட்டுத் தடவினான். சபை முழுக்கக் கேட்கும்படி, "இன்னா மாமா, வெரலா கொய்க்கட்டையா?" என்றான். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அன்று தொடங்கியது, இருபத்தைந்து வருஷம் அவன் வாயிலிருந்து நான் தப்பியதில்லை. தலைக்குச் சாயம் அடித்தால், "இன்னா மாமா, மண்டைல தார் ரோடு போட்டுக்கீற?" என்பான். புதுச் சட்டை போட்டால், "கடக்காரன் பொம்ம மேல இர்ந்து அப்டியே கய்ட்டிக் குட்த்தானா?" என்பான். எனக்குக் கோபம் வரும். தனத்துக்குச் சிரிப்பு வரும். நான் கோபப்படுகிறேன் என்று இன்னும் கொஞ்சம் சிரிப்பாள்.

அவன் குடியிருப்பது புதுப்பட்டினத்தில். அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் கொக்கிலமேட்டுக் கழிமுகத்தில் தூண்டிலோடு நிற்பான். நானும் போவேன். உயிர் இறால் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "ஆடாம நில்லு மாமா, எறாலுக்கு மயக்கம் வருது" என்பான்.

போன மழைக்கு முந்தின மழையில் பூஞ்சேரி கூட்டு ரோட்டில் அவன் பைக் சறுக்கியது. வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்தார்கள். கை பிழைத்தது, ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொட மறுத்துவிட்டன. வேன் போயிற்று. இப்போது வேன் ஷெட்டில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை.

மூன்று இறால்

கட்டுப் பிரித்த பிறகு ஒரே ஒரு தடவை கழிமுகத்துக்குப் போனோம். டப்பாவோடு நானும் நின்றேன்.

உயிர் இறாலைத் தூண்டில் முள்ளில் மாட்டுவது சாதாரண வேலையில்லை. இரண்டு விரலில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது துள்ளும். முதல் இறால் நழுவித் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை இடது கையில் பிடித்தான், முள் அவன் உள்ளங்கையிலேயே ஏறிவிட்டது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் நல்ல மனுஷன். "குடு அண்ணாத்த, நான் மாட்டித் தரேன்" என்று வாங்கி மாட்டிக் கொடுத்தார்.

கன்னியப்பன் அந்த ஒரு இறாலை வீசினான். சுற்றி எடுத்தான். தூண்டில் ராடைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

"நீங்களே வச்சிக்கோங்க மாமா" என்றான்.

இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக மரியாதை.

அதற்கப்புறம் அவன் எல்லோரிடமும் அப்படியே ஆகிவிட்டான். வாங்க, உக்காருங்க, சாப்டீங்களா. புதுப்பட்டினம் போகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே தலைக்குப் பளபளவென்று சாயம் அடித்துக்கொண்டு போவேன். பார்ப்பான். ஒன்றும் சொல்லமாட்டான். ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது தனம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "என் தம்பிக்குக் கை போனா போவட்டும்ங்க. வாயி செத்துப்போச்சே."

அந்த வாயை எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

கடை மீன் வேண்டாம்

ரப்பர் மீன் யோசனையைத் தந்தது ஒரு பல் டாக்டர். அவருக்கும் தூண்டில் பைத்தியம் உண்டு. ரப்பர் மீனை ஒரு தடவை மாட்டினால் போதும், நூறு தடவை வீசலாம், துள்ளாது, நழுவாது என்றார். வீட்டிலேயே பத்து முள்ளில் மாட்டி எடுத்துக்கொண்டும் போகலாம்.

முதலில் கடையில்தான் ஒரு பாக்கெட் வாங்கிப் போனேன். கன்னியப்பன் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். "எதுக்கு மாமா உங்களுக்கு வீண் அலைச்சல்" என்றான்.

கடைச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். நான் செய்ததைக் கொடுக்க முடியாது. அதோடு, என் கையால் செய்ததில் ஒரு குற்றமும் சொல்லாமல் அவனால் இருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தாலும் பரவாயில்லை, குரங்கு என்று அவன் சொன்னால் போதும்.

சூடு பட்ட கையில் மருந்து தடவிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். இம்முறை அச்சுகளை மொட்டைமாடியில் மோர் மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் நாலு நாள் காயவைத்தேன். உள்பக்கம் தனத்தின் நகப்பூச்சைப் பூசினேன். பழைய அலுமினியச் சட்டி, கொல்லையில் தனி அடுப்பு, கண்ணாடி மறைப்பு, கையுறை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "சார், வெல்டிங்கா?" என்று கேட்டார்.

மீன்கள் வந்தன. ஒரு குமிழ் கிடையாது. செதில் செதிலாக, துடுப்பில் நரம்பு நரம்பாக. மெழுகில் செதுக்குவதுதானே என் சோறு. ஓரப் பிசிறுகளை வெட்டி, வழித்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வரிசையாக வைத்தேன்.

நிறத்துக்கு லேபிலிருந்த பொடியைத்தான் போட்டிருந்தேன். ஈறு நிறம். பன்னிரண்டு மீனும் இளஞ்சிவப்பில் பளபளத்தன. ஒரு கோணத்தில் பார்த்தால் பல் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்ததுபோலவே இருந்தது. நல்லதுக்குத்தான் என்று மாற்றாமல் எடுத்துப் போனேன். இதைப் பார்த்துச் சும்மா இருந்தால் அவன் மச்சானே இல்லை.

கன்னியப்பன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். திருப்பினான்.

"ரொம்ப நல்லாகீது மாமா. கஷ்டப்பட்டு செஞ்சிக்கீறீங்க" என்றான்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு மோசமான ஒரு பாராட்டை என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை.

வால்

வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில், பையில் தங்கிவிட்ட ஒரு மீனைத் தூண்டில் நரம்பில் கட்டி மாடித் தொட்டியில் இழுத்துப் பார்த்தேன். கட்டை மாதிரி வந்தது. வால் அசையவே இல்லை.

காரணம் மறுபடியும் தொழில்தான். பல் செட்டில் எந்த இடம் மெலிந்திருக்கிறதோ அந்த இடத்தில் உடையும். உடைந்தால் திரும்பி வரும், திட்டோடு வரும். மெலிந்த இடத்தைக் கண்டால் என் கை தானாகவே மெழுகைத் தடவி தடிமனாக்கிவிடும். மீனுக்கும் அப்படியே வாலின் அடியில் கனமாக வைத்துவிட்டேன். உண்மையில் அங்கேதான் மெலிசாக இருக்க வேண்டும். அந்த மெலிசில்தான் வால் ஆடும், வாலின் ஆட்டத்தில்தான் பெரிய மீன் ஏமாறும்.

ஆக, முப்பது வருஷமாகக் கற்றதை வாலுக்காக மறக்க வேண்டியிருந்தது. மூன்று ஞாயிறு ஆயிற்று. கடைசியில் வெங்காயச் சருகு கனத்துக்குக் கொண்டுவந்தேன். தொட்டியில் இழுத்தேன். வால் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. நான் போட்ட கூச்சலில் தனம் சப்பாத்தி மாவுக் கையோடு மாடிக்கு ஓடி வந்தாள். "இன்னொரு தபா இஸ்துக் காட்டுங்க" என்று பத்துத் தடவை இழுக்க வைத்தாள்.

நாலு வெட்டு

மச்சானிடம் போகும் முன் ஒருமுறை சோதித்துவிடலாம் என்று, அவன் கொடுத்த ராடை எடுத்துக்கொண்டு கொக்கிலமேட்டுக்குத் தனியாகப் போனேன். வீசத் தெரியாது. ஆனாலும் வீசினேன். தடதடவென்று நரம்பில் ஒரு உதறல். சுற்றி எடுத்தால் மீன் இல்லை, வாலும் இல்லை. கத்தியால் அறுத்ததுபோல் போயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது.

இன்னொருவனாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பான். எனக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. கடித்த தடம் அல்லவா கையில் இருக்கிறது! நான் பார்க்காத பல் தடமா?

நாலையும் லேபுக்குக் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிறை மாதிரி ஒரே வெட்டு. நடுவில் இரண்டு பல் சேரும் இடத்தில் மயிரிழைபோல் ஒரு கோடு. ஒரே கடியில் ரப்பரைத் துண்டாக்க வேண்டுமானால் தாடைக்கு எவ்வளவு பலம் வேண்டும்! குறைந்தது மூன்று கிலோ கொடுவா மீன் என்று முடிவு கட்டினேன். பேப்பரில் தாடைப் படமே வரைந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை நாஸ்தா ஆனதும், ராடையும் புது ரப்பர் மீன் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தனத்தைக் கூட்டிக்கொண்டு புதுப்பட்டினம் போனேன். கன்னியப்பன் முன்னால் நாலு வாலில்லா மீனையும் படத்தையும் பரப்பினேன். வெட்டுப்பல், கடிக்கோணம், தாடை அகலம் என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆகவே, கொடுவா" என்று முடித்தேன்.

அவன் உதடு லேசாகத் துடித்தது.

"கொடுவாங்களா மாமா?"

"சந்தேகமே இல்ல. பல்லு சொல்லுது."

"கொடுவா வாயில வெரல வுட்டுப் பாத்துக்கீறீங்களா?"

"இல்ல."

"பல்லே கெடயாது மாமா. உப்புத்தாளாட்டம் சொரசொரன்னு கீது, அவ்ளோதான். அது கடிக்காது. வாயத் தொறந்து அப்டியே உள்ள இஸ்துக்கும்." அவன் ஒரு மீனை எடுத்து வெட்டைத் தடவிப் பார்த்தான். "நீங்க... நீ எங்க போட்ட இத்த?"

"பாலத்துக்குக் கீய, தூணுகிட்ட."

"பாசி கீதே, அங்கியா?"

"ஆமா."

அவ்வளவுதான். எங்கேயோ அடைத்திருந்தது பிய்த்துக்கொண்டது. அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் இருந்த தனம் வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

"பேத்த மீனு மாமா! மேல ரெண்டு பல்லு, கீய ரெண்டு பல்லு, அவ்ளோதான் அதும் சொத்து! இத்தாம் பெருசு இர்க்கும்!" வலது கையால் காட்ட முயன்று, முடியாமல், இடது கையால் காட்டினான். எலுமிச்சம்பழ அளவு. "முப்பது வருசமா ஊரு வாயெல்லாம் பாக்குற. நாலு பேத்த சேந்து உன்ன டபாய்ச்சிக்கீது! இதுல படம் வேற!"

தனம் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். சந்தோஷம் தெரிந்தால் அவன் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

"அப்டின்னா நீயே வந்து காட்டு" என்றேன் முறைப்பாக.

"வரேன். வுட்டா நீ அடுத்த வாரம் பேத்தைக்குப் பல்லு செட்டே கட்டிட்டு வருவ. கெளம்பு."

கழிமுகம்

தனம் வரவில்லை. "நான் வந்தா நடிப்பான். நீங்க போங்க" என்றாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்தடியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு இறால் மாட்டிக் கொடுத்தவரும் இருந்தார். கன்னியப்பன் அவரைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். ஐயோ, திரும்பிவிடுவானோ என்று எனக்குத் திக்கென்றது.

மீன் மாட்டிய முள்ளோடுதான் நரம்பு கட்டி வைத்திருந்தேன். அவனிடம் ஒன்றும் பேசாமல் ராடை நீட்டினேன். வாங்கினான். இடது கையால் வீச வேண்டும், அவன் பழகாத கை. முதல் வீச்சில் ரப்பர் மீன் என் காதை உரசிக்கொண்டு பின்னால் சவுக்குமரத்தில் போய்த் தொங்கியது.

ஏழெட்டுப் பேரும் பார்க்காததுபோலத் தங்கள் நரம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கரிசனம்தான் எனக்குப் பயம்.

"இன்னா மாமா பாத்துகினு கீற?" என்றான் கன்னியப்பன். "ஏறு மரம்."

ஏறினேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, முக்கால் ஆள் உயரம். கீழே ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து. அவனை யாரும் பார்க்கவில்லை.

நாலாவது வீச்சு தண்ணீரில் விழுந்தது. ஏழாவது நேராகவே விழுந்தது. ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையில் வேலை செய்கிற மூன்று விரலால் ரீலைச் சுற்றினான். வால் ஒன்று போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவதில் முள் மாட்டிக்கொண்டு ஒன்று வந்தது. கரைக்கு வந்ததும் பந்துபோல உப்பி, பல்லைக் கறக் கறக்கென்று கடித்தது.

முள்ளை எடுக்க நான் குனிந்தேன்.

"கைய எடு மாமா."

இறால் மாட்டிக் கொடுத்தவரும் உதவ ஓரடி முன்னால் வந்து, அதைக் கேட்டு நின்றுவிட்டார். கன்னியப்பன் மண்டியிட்டான். மீனை ஈரத் துணியால் மூடி வலது உள்ளங்கையால் அழுத்தி, இடது கையில் குறடு பிடித்தான். நழுவியது. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறை முள் வந்துவிட்டது. அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

மீனின் வாயை என் பக்கம் திருப்பினான். மேலே இரண்டு, கீழே இரண்டு. நடுவில் மயிரிழைபோல் ஒரு கோடு. சொல்வதற்கென்ன, அவ்வளவு அழகான பொருத்தத்தை நான் ஒரு பல் செட்டிலும் கொண்டுவந்ததில்லை.

"பாத்துக்கோ. மூணு கிலோ கொடுவா" என்று சொல்லி அதைத் தண்ணீரில் விட்டான்.

அந்த மனிதர் கேட்டார்: "அண்ணாத்த, இந்த ரப்பர் மீனு எங்க வாங்கின?"

"வாங்கல. எங்க மாமா செஞ்சாரு. ஊருக்கெல்லாம் ஈறு கட்டி மிச்சம் வந்துச்சாம், மீனுக்கும் கட்டிட்டாரு." டப்பாவைத் திறந்து அவரிடம் இரண்டு எடுத்துக் கொடுத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தனம் போன் செய்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தேன்.

"மீனு கெடச்சிதா?"

"பேத்த ஒண்ணு."

"அவன் எப்டிக் கீறான்?"

"திட்டிக்கினே கீறான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. "இன்னா இன்னா திட்டினான்? ஒண்ணு வுடாம சொல்லுங்க" என்றாள்.

மரம் ஏறச் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும், "அப்பால?" என்று கேட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே எது வருகிறது என்று தெரியவில்லை.

பின்னாலிருந்து ஒரு கத்தல் வந்தது. "யோவ் மாமா! போன்ல இன்னா பல்லு புடுங்கினு கீற? வாலு போச்சி, அடுத்தத எட்த்துனு வா!"

அதையும் சொன்னேன்.